நடிக்க மறுத்த சுவர்

இதில் வரும் ஒவ்வொரு வரியும் உண்மை. செங்கல் மேல் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்யலாம். ஆனால் இந்தக் கதையில் செங்கல்லே கிடையாது, சுடாத மண்கல்தான். ஆகவே அதன் மேல் மெதுவாகத் தட்டிச் சத்தியம்.

கேமராவோடு அந்தத் தெருவுக்கு வந்த முதல் நாள், இயக்குநர் எல்லாரையும் கூட்டி உட்கார வைத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இது ஆவணப்படம். யாரும் நடிக்கக் கூடாது. உள்ளது உள்ளபடி இருக்கணும்."

சொன்ன வாய்க்கு அப்போது தெரியவில்லை, தலைக்கு என்ன வரப்போகிறதென்று.

தெருவில் நாற்பது வீடுகள். நாற்பது வீட்டாரும் சேர்ந்து காலி மனையில் பொதுக்கூடம் ஒன்றைத் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே சலித்து, கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து, கை அச்சில் அழுத்திக் கல்லாக்கினார்கள். சூளை எரியவில்லை, லாரி வரவில்லை. மூன்று சுவர்கள் எழும்பிவிட்டன. கூரை போடத்தான் நகர அலுவலகம் அனுமதி தரவில்லை.

"சாதாரண ஜனங்க கட்டின சுவர் கூரையைத் தாங்கும்னு யாரு சொன்னா? நாலாவது சுவரைக் கட்டறதைப் படம் எடுத்துக் காட்டுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார் அதிகாரி.

மழைக்காலமோ தெருமுனைக்கு வந்துவிட்டது. கூரை இல்லாமல் நனைந்தால் கூடம் மறுபடி மண்ணாகிப் பழைய குழிக்கே போய்விடும். படம் சரியாக வந்தால் கூடம், வராவிட்டால் சேறு. இயக்குநருக்குத் தூக்கம் போயிற்று.

அவளுடைய குழுவில் இன்னொரு ஆள்தான், அவளது மாமியார். ஒலிப்பதிவு அவர் பொறுப்பு. மருமகள் வாய்க்குள் முணுமுணுப்பதைக்கூடப் பத்து வருடமாகத் துல்லியமாகக் கேட்டுப் பழகிய காது.

திங்கட்கிழமை நாலாவது சுவர் வாசல் நிலை உயரத்துக்கு வந்தது. கடைசிக் கல்லை வைக்கிற நேரம் பார்த்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒரு தும்மல் போட்டார். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தின் குமிழி பயந்து ஓரத்துக்கு ஓடிப்போய்ப் பத்து நிமிடம் வெளியே வரவில்லை.

"பரவாயில்ல. அந்தக் கடைசிக் கல்லை மட்டும் எடுத்துட்டுத் திரும்ப வைங்க" என்றாள் இயக்குநர்.

அந்தத் தெருவில் மேஸ்திரி வேலை தெரிந்தவள் ஒருத்திதான். அவள் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கட்டி முடிச்ச சுவரை, இப்பத்தான் கட்டி முடிக்கிற மாதிரி காட்டறதா? அது நடிப்பு இல்லையா டைரக்டரம்மா?"

"அக்கா, ஒரு கல்லுதானே..."

"ஒரு கல்லுன்னாலும் பொய் பொய்தான். சாந்து இன்னும் ஈரமாத்தான் இருக்கு. பிரிங்கப்பா!"

இயக்குநர் வாயை மூடுவதற்குள் சுவர் அஸ்திவாரத்துக்கு இறங்கிவிட்டது.

மறுமுறை மாமியாரின் மைக் கம்பு, சுவர் நேர் பார்க்கக் கட்டிய நூலில் மாட்டியது. பிரித்தார்கள். அடுத்த முறை பேட்டரி தீர்ந்தது. பிரித்தார்கள். "பஸ்ஸ விட்டு இறங்கி நேரா இங்கதான் வரேன்" என்று கண்டக்டர் சொல்கிற இடம் சரியாக வரவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னதும் மனிதர் நிறுத்தத்துக்கு நடந்து, பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்து சொன்னார். கையில் டிக்கெட் வேறு.

புதன்கிழமைக்குள் அந்தச் சுவர் பதினோரு தடவை எழும்பிவிட்டது. பதினோராவது தடவைக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. கற்களுக்கே தங்கள் இடம் அத்துப்படி. கையை விட்டதும் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. வரிசை மாறி வந்த ஒரு கல்லுக்குப் பக்கத்துக் கல் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. மேஸ்திரிதான் இரண்டையும் சமாதானப்படுத்தினாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் எடுத்ததைப் போட்டுப் பார்த்த இயக்குநர் தலையில் கை வைத்தாள்.

"அத்தை, எல்லாரும் ராக்கெட்டு மாதிரி கட்டறாங்க. படத்தை வேகமா ஓட்டி ஏமாத்தறோம்னு அந்த ஆபீசரு சொல்லப் போறாரு."

"நீ உள்ளதைத்தானே எடுத்தே?"

"அதான் அத்தை பிரச்சனையே!"

கொஞ்சம் மெதுவாகக் கட்டுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"தெரிஞ்ச வேலையைத் தெரியாத மாதிரி செய்யச் சொல்றீங்களே, நியாயமா?"

மாமியார் மைக்கைக் கீழே வைத்தார். "நடிக்காம மெதுவா கட்டணும்னா, நெஜமாவே தெரியாத ஆளு கட்டணும். பரண்ல ஒரு பெட்டி ஏத்தறதுக்கு அரை நாள் எடுத்துக்கிற ஆளு ஒண்ணு நம்ம வீட்லயே இருக்கு."

நாற்பது வீட்டுக் கண்களும் இயக்குநர் மேல் விழுந்தன.

சுவரை மறுபடி பிரித்தார்கள். கேமரா மாமியார் கைக்குப் போனது. கரண்டி மருமகள் கைக்கு வந்தது. முதல் வரிசை பாம்பு ஊர்ந்த மாதிரி போயிற்று.

"நூலைப் பாருங்க. என் மூஞ்சியிலயா மட்டம் இருக்கு?" என்றாள் மேஸ்திரி.

கல் விரலை நசுக்கியது. சாந்து காது மடல் வரை ஏறியது. ஆனால் மதியத்துக்கு மேல் என்னவோ ஆயிற்று. இத்தனை வருடம் அடுத்தவர் கைகளைக் கேமராக் கண்ணாடி வழியாகவே பார்த்துப் பழகியவளுக்கு, குளிர்ந்த மண் தன் உள்ளங்கையில் படிவது பிடித்துப்போயிற்று. பொழுது சாயும்போது சுவர் வாசல் நிலை உயரம் தொட்டது. மேஸ்திரி தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை சுவர் நூலை விட்டு விலகவில்லை.

"நல்லா வந்திருக்கு" என்றார் மாமியார், கேமராவுக்குப் பின்னாலிருந்து. "எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துரலாமா?"

இயக்குநர் கரண்டியோடு திரும்பினாள்.

"சும்மா கேட்டேம்மா."

வெள்ளிக்கிழமை அதிகாரி படத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார். "கல்லைத் தலைகீழா பிடிச்சிருக்காங்களே, யாருங்க இந்தம்மா?"

"படம் எடுக்கறவங்க சார்" என்றாள் மேஸ்திரி.

"இவங்க கட்டியே நேரா நிக்குதுன்னா, யாரு வேணா கட்டலாம்" என்று சொல்லி முத்திரையை எடுத்துக் குத்தினார்.

சனிக்கிழமை முழுக்கக் கூரை வேலை. மழை மரியாதையாகத் தெருமுனையிலேயே நின்று, கடைசி ஓடு ஏறியதும் உள்ளே வந்தது. அன்று மாலை நாலாவது சுவர் மேலேயே படத்தைப் போட்டார்கள். கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. நாற்பது வீட்டார் நடுவே மாமியார் தோளில் சாய்ந்துகொண்டு, ஐந்து நாள் தூக்கத்தையும் இயக்குநர் ஒரே மூச்சில் தூங்கித் தீர்த்தாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது முதல் வரி, தும்மிக் கதையைத் தொடங்கி, டிக்கெட் எடுத்து வசனம் பேசியவருக்கு: 'கதை, வசனம் – கண்டக்டர்.'