எட்டாவது கால்

சிகப்பிக்கு அன்று காலையிலிருந்தே கை நடுங்கிக்கொண்டிருந்தது. பசியால் இல்லை. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று பசியைச் சொல்லிக்காட்டுவதையே வயிறு விட்டுவிட்டது. இது ஆத்திரம். ரப்பர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, குடைக்கம்பியை ராவிச் செய்த கொக்கி ஊசியைப் பிடித்துக்கொண்டு, எவனோ ஒரு ஜப்பான்காரன் மகளுக்குப் பொம்மை பின்னுகிற ஆத்திரம்.

கிராணி சீனிவாசகத்தின் வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம். சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஜப்பான் அதிகாரி மேசையில் கிடந்த பின்னல் விரிப்பைத் தடவிப் பார்க்கப்போக, "என் சம்சாரம் போட்டது, என்ன கேட்டாலும் போடுவா" என்று இவர் அளந்துவிட்டார். அவன் ஊரில் இருக்கிற தன் மகளுக்குக் கடலில் கிடக்கிற எட்டுக்கால் கணவாய், மலாய்க்காரன் சொல்கிற சோத்தோங் மாதிரி ஒரு பொம்மை கேட்டான். அடுத்த வாரமே கிராணியம்மா சீதாலட்சுமிக்குக் கட்டைவிரலில் நகச்சுத்து வந்து, எலுமிச்சம்பழத்துக்குள் விரலைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீடு கூட்ட வந்த சிகப்பிதான் அகப்பட்டாள்.

"நான் வாயால சொல்றேன், நீ கையால போடு. உன் புருஷன் பேரை சயாமுக்கு அனுப்பாம பாத்துக்க எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். சயாமில் ரயில் ரோடு போடப் போன ஆண்களில் ஒருவன்கூட இன்னும் திரும்பவில்லை. சிகப்பியின் புருஷன் பழனியாண்டி, போன தடவை ஆள் பிடிக்க லோரி வந்ததிலிருந்து சிடாம் கிரி காட்டுப் பக்கம் புதருக்குள் ஒளிந்து கிடந்தான். பக்கத்து வீட்டு அழகம்மாவின் புருஷன் சின்னையாதான் இருட்டுக்கு முன்னால் போய் அவனுக்குக் கிழங்கு கொடுத்துவிட்டு வருவான். கிராணியம்மா வாக்குக் கொடுத்த அன்றைக்கே சிகப்பி ஆள் அனுப்பிப் புருஷனை லயத்து வீட்டுக்கு வரவழைத்தாள். அட்டை கடித்த காலோடு வந்தவன், சொந்தக் கூரைக்குக் கீழே செத்தவன் மாதிரி தூங்கினான்.

பின்னல் என்றால் சும்மாவா? வெள்ளைக்காரத் துரை போட்டுவிட்டு ஓடிய சன்னல் துணியைப் பிரித்தெடுத்த நூல். முதலில் தலை. நடுவில் ஒரு சின்ன வளையம், அதைச் சுற்றிக் கண்ணி. சிகப்பி இழுத்து இழுத்துப் போட்டாள். சுற்றச் சுற்ற அது விரியாமல் மேலே ஏறிக் குவிந்தது.

"என்னடி இது, பால் வடிக்கிற மங்கு கட்டியிருக்க?" சீதாலட்சுமி விரலையும் மறந்து சிரித்தாள். "ஒரு கண்ணியில ரெண்டு போடணும், அப்பத்தான் அகலும். உன் கையில வெட்டுக்கத்தியா இருக்கு? மெதுவா."

பிரித்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் மங்குதான். பத்து வயதிலிருந்து ரப்பர் மரத்தடியில் பால் மங்கு துடைத்த கைக்கு வேறு உருவம் வரமாட்டேன் என்றது. அழகம்மா ஒருநாள் பின்வாசலில் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குடி. நம்ம புள்ளைங்களுக்குக் கட்டிக்கக் கோவணத்துணி இல்ல, அவன் மகளுக்கு விளையாடச் சோத்தோங். கருவாட்டு வாசம் வரணும்னா அதையும் பின்னிடுவியா?" என்றாள். சிகப்பி சிரிக்கவில்லை. "என் புருஷன் உசுருடி இது" என்றாள். அழகம்மாவும் அதற்கப்புறம் கேலி பேசவில்லை.

தலை ஒருவழியாகத் தலையானது. அப்புறம் கால்கள். சங்கிலி மாதிரி நீளமாகப் போட்டு, அதே வழியில் திரும்பி வரும்போது கண்ணிக்கு இரண்டு மூன்று நெருக்கினால் கால் தானாகச் சுருண்டுகொள்ளும். "நூலை மட்டும் அறுத்துடாதே" என்று சீதாலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். "முடிச்சு விழுந்தா அவன் கண்டுபிடிச்சிடுவான். ஒரே நூல்ல ஓடட்டும். எட்டுக் காலும் முடிஞ்சப்புறம் பஞ்சு அடைச்சு அடிவாயைச் சுருக்கலாம்."

அன்று எட்டாவது கால் பாதியில் இருந்தது. அதிகாரி மத்தியானம் வருவதாகத் தகவல். ஆனால் அவனுக்கு முன்னால் வந்தது லோரி. ஆபீஸ் முன்னால் அது உறுமி நிற்பதும், பெண்கள் கத்துவதும் கேட்டது. சிகப்பி சன்னலுக்கு ஓடினாள். லோரிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் பழனியாண்டி. தூக்கம்கூட முழுசாய்க் கலையாத முகம்.

"என்னம்மா இது?"

சீதாலட்சுமி தரையைப் பார்த்தாள். "அவரு என்ன செய்வாரு? ஆளு குறைஞ்சா எங்களையே ஏத்திடுவேன்னு லோரி சோல்ஜர் சொல்லிட்டானாம். நீ முதல்ல அதை முடி, சிகப்பி. அதிகாரி வந்துடுவான்."

சிகப்பிக்கு நடுக்கம் நின்றது. "புதருக்குள்ள கெடந்தவனை நான் கூப்பிட்டு வந்து குடுத்திருக்கேன். உங்க வாயை நம்பி. இந்தச் சனியனைப் பின்னிக்கிட்டே குடுத்திருக்கேன்."

கொக்கி ஊசியை உருவி எறிந்தாள். நூலைப் பிடித்து இழுத்தாள். பாதிக் கால் சரசரவென்று கழன்று நெளிந்த நூலாய் மடியில் விழுந்தது. ஏழாவது கால் பிரியத் தொடங்கியபோது சீதாலட்சுமி போட்ட அலறலில் கிராணி உள்ளே ஓடிவந்தார்.

"ஏய், பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?"

"கிட்ட வராதீங்கய்யா. அவரை இறக்குங்க. இல்லேன்னா தலை வரைக்கும் இழுத்துடுவேன். ஜப்பான்காரன் வந்து கேட்டா இந்த நூலைக் காட்டுங்க, உங்க சம்சாரம் போட்டதுன்னு."

கிராணிக்கு வியர்த்தது. போன மாதம் ஜப்பான்காரன் முன்னால் குனிந்து கும்பிடாத கங்காணிக்கு விழுந்த அறையை அவர் நின்று பார்த்தவர். "ஏத்தினவனை எப்படிடீ இறக்குறது?"

"ஏத்தத் தெரியுதுல்ல?"

அவர் போனார். லோரிப் பக்கம் நின்ற ஜப்பான் சோல்ஜரிடம் குனிந்து குனிந்து ஏதோ சொன்னார். அவனுக்குத் தலை எண்ணிக்கைதான் கணக்கு, யார் தலை என்பது இல்லை. பழனியாண்டி கீழே குதித்தான். நேராகப் புதர்ப் பக்கம் ஓடினான், திரும்பிப் பார்க்கவில்லை. சிகப்பிக்கு மூச்சு வந்தது. அதற்குள் கிராணியின் விரல், வேடிக்கை பார்த்து நின்றவர்கள் பக்கம் நீண்டது. இரண்டு பேர் சின்னையாவின் தோளைப் பிடித்து மேலே தள்ளினார்கள்.

"ஐயோ, அவரு ஏன்? அவரு ஏன்?" அழகம்மா லோரியின் பின்னால் ஓடினாள். செம்மண் புழுதி அவளை மூடியது.

"போடு" என்றார் கிராணி, திரும்பி வந்து. "கேட்டதைச் செஞ்சாச்சு. போடு."

சிகப்பி தரையில் தவழ்ந்து ஊசியைத் தேடி எடுத்தாள். கண்ணி போட்டாள். ஏழாவது கால் சுருண்டது. எட்டாவது கால் சுருண்டது. கிராணியம்மா தன் தலையணையைக் கிழித்துப் பஞ்சு கொடுத்தாள். சிகப்பி அதைக் குத்திக் குத்தி அடைத்து, அடிவாயைச் சுருக்கி இறுக்கினாள், ஏதோ கழுத்தை இறுக்குவது மாதிரி.

"நல்லா வந்திருக்குடி" என்றாள் சீதாலட்சுமி, மெல்ல.

"உங்க கை விளங்காமலே போகட்டும்" என்றாள் சிகப்பி. அதை நிமிர்ந்து, முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

பின்வாசலில் அழகம்மா நின்றிருந்தாள். தலையெல்லாம் புழுதி. சிகப்பியின் கையிலிருந்த பொம்மையைப் பார்த்தாள், சிகப்பியைப் பார்த்தாள். பிறகு காறித் துப்பினாள். எச்சில் சிகப்பியின் முழங்கையில் விழுந்தது.

சிகப்பி துடைக்கவில்லை. பொம்மையை மேசைமேல் வைத்துவிட்டு அந்தக் கையோடே வெளியே போனாள்.