பத்தொன்பது அங்குலம்

தையல்காரர் ஒரு சட்டைத் துணியை வெட்டுவதற்கு முன் மூன்று தடவை அளப்பார். அப்படிப்பட்ட மனிதர் தன் இருபத்திரண்டு வயது வேகன் காரைத் தரையிலிருந்து உயர்த்தக் கிளம்பினால் சும்மா இருப்பாரா? தனியாக ஒரு நோட்டுப் போட்டார். டயரின் விட்டம், ஸ்பிரிங்கின் நீளம், வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, எல்லாவற்றையும் தையல் டேப்பாலேயே அளந்து எழுதினார்.

“காலர் எத்தனை இஞ்ச் மாமா வெக்கணும்?” என்று மெக்கானிக் கேலி செய்தான். மெக்கானிக் வேறு யாருமல்ல, அவர் மனைவியின் தம்பி. எதைக் கேட்டாலும் “பாப்போம்” என்பான். பட்டறைத் தெருவில் அவனுக்குப் பெயரே பாப்போம்தான்.

இவ்வளவு பாடும் மகளுக்காக. மலைமேல் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். தலைப்பிரசவத்துக்கு இன்னும் ஏழு வாரம். “அம்மா என் பக்கத்துல இருக்கணும்” என்று போனில் சொல்லிவிட்டாள். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். போன தடவை வேகனில் கிளம்பியபோது, ஏற்றத்தில் எஞ்சின் திணறித் திணறி மூன்றாவது வளைவு வரைதான் போனது. அங்கே ஒரு கல் அடியில் தட்டி எண்ணெய்த் தொட்டியைக் கிழித்துவிட்டது. லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். மகளுக்கென்று கட்டிய பையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அழுது தீர்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

“நாலு இஞ்ச் உசத்தினா கல்லு தட்டாது. பெரிய டயர் போட்டா இன்னொரு இஞ்ச்” என்றான் பாப்போம். “ஆனா மாமா, நீங்க கேக்கற டீசல் எஞ்சின் கனம் ஜாஸ்தி. மூக்கு கீழ எறங்கிடும். முன்னாடி ஸ்பிரிங்கு கெட்டியா வேணும்.”

“போட்டுடு.”

“பாப்போம்.”

ஆக, பதினான்கு அங்குலத்தில் இருக்கும் வண்டியின் தளம் பத்தொன்பதுக்கு ஏறும். அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். சாப்பிடும்போது மனைவி கேட்டாள்:

“அப்ப நாம கால் வெச்சு ஏறுற எடம் எவ்வளவு ஒசரம் வரும்?”

“பத்தொம்போது!” என்றார் பெருமையாக.

“ம்” என்றாள்.

அவளுக்கு முட்டி வலி உண்டு. கேட்டால் “எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்பாள். அவரும் நம்பினார். நம்புவது வசதியாக இருந்தால் நம்பாத புருஷன் யார்?

இரண்டு நாள் கழித்து, கடையில் டேப்பைக் காணவில்லை. இன்னொன்று இருந்தது, ஆனால் அது இழுத்து இழுத்து நீண்டுபோய் அரை அங்குலம் பொய் சொல்லும். வீட்டில் விட்டிருப்போம் என்று நடுப்பகலில் கடையைச் சாத்திவிட்டு வந்தார். கொல்லைப்புறத்தில் யாரோ முனகுகிற சத்தம் கேட்டது.

டேப் அவள் கழுத்தில் தொங்கியது. செங்கல்லும் பலகையுமாக அடுக்கி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை அதன்மேல் தூக்கி வைக்கப் பார்த்தாள். பாதி உயரத்தில் கால் நடுங்கிக் கீழே வந்தது. சுவரில் அவருடைய சாக்குக்கட்டியால், ஏறிப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றாக, பத்துக் கோடுகள் இருந்தன. ஏற முடிந்த மூன்றை மட்டும் குறுக்கே அடித்திருந்தாள். அவர் அளந்து பார்க்கவே தேவையில்லை. அந்த அடுக்கு பத்தொன்பது அங்குலம்.

“என்ன பண்ற நீ?”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “நேத்து ரெண்டு தடவதான் ஏறினேன். இன்னிக்கு மூணு. ஏழு வாரத்துல பழகிடும்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொன்னா என்ன சொல்வீங்க? ‘நீ வீட்ல இரு, நான் போய்ப் பாத்துட்டு வரேன்’ம்பீங்க.”

அவர் அதையேதான் சொல்லியிருப்பார். அக்கறை என்று நினைத்துக்கொண்டே சொல்லியிருப்பார். ஊரார் உடம்பையெல்லாம் அளக்கிறவனுக்கு வீட்டிலிருக்கும் ஒரு கால் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் கழுத்திலிருந்து டேப்பை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார்.

“தூக்கு. வலிக்காத வரைக்கும். பொய் சொல்லக் கூடாது.”

பன்னிரண்டு.

சாயங்காலம் பட்டறையில், பக்கவாட்டில் ஃபுட்போர்டு வைக்கலாமா என்று கேட்டார். “அது கீழ தொங்கும் மாமா. கல்லு அதுல தட்டும். ஒசத்தினதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்” என்றான் பாப்போம். உயர்த்தாவிட்டால் வண்டி போகாது. உயர்த்தினால் அவளால் ஏற முடியாது.

மறுநாள் காலை, கடையில் ஒருவர் பேன்ட்டின் கால் மடிப்புக்காக முக்காலிமேல் ஏறி நின்றார். தையல்காரர் கீழே மண்டியிட்டு ஒரு காலுக்குக் குண்டூசி குத்தினார். சட்டென்று நிறுத்தினார்.

“கொஞ்சம் எறங்குங்க.”

“இன்னொரு கால்?”

“வந்து பாக்கறேன்!”

முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்டிக்கு அடியில் படுத்திருந்த மச்சினனின் காலை உதைத்தார். “டேய், இது எட்டு. மிச்சம் பதினொண்ணு. உங்கக்கா பன்னெண்டு தூக்குவா. இத வண்டிக்குள்ள வெக்க அவ காலடியில எடம் வேணும்.”

“அக்காவுக்கு என்ன?” என்று வெளியே வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு முக்காலியை வாங்கிப் பார்த்தான். பிறகு, “செஞ்சு குடுத்துடறேன் மாமா” என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் அதற்குமுன் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரம் வேகன் மூன்றாவது வளைவை முனகாமல் கடந்தது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தையல்காரர் இறங்கி ஓடி, மறுபக்கக் கதவைத் திறந்து முக்காலியைப் போட்டார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

“கடை முக்காலிய எதுக்குப்பா தூக்கிட்டு வந்தீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார்.

“எனக்கு முட்டி போச்சுடி. இது இல்லாம என்னால ஏறவோ எறங்கவோ முடியாது” என்றாள் அவள், ஒளிக்காமல். மகளின் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினாள். “என்னைப் பாத்து ஏன்டி அழற? ஊர்ல முக்காலி இல்லாம உங்கப்பா தெச்ச பேன்ட்டப் போட்டவங்களப் பாத்து அழு. ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை.”