வெள்ளை இழை கட்டிய குளவி

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவன் காலுறையைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் ஹாரன். சின்ன லாரியில் என் தங்கை மதோகா. ஸ்டீயரிங்குக்கும் அவளுக்கும் நடுவே ஆறு மாத வயிறு.

"ஏறுண்ணே. இன்னிக்குக் குளவிக்கூடு கிடைக்கலன்னா வெள்ளிக்கிழமை என்னை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிருவாங்க."

அவளுக்கு ரத்தம் குறைவு. புரதமும் இரும்புச்சத்தும் சேர வேண்டும் என்றார் டாக்டர். ஈரல், முட்டை, மாத்திரை எல்லாம் போன வேகத்தில் வெளியே வந்தன. அவள் நாக்கு கேட்டது, எங்கள் ஊரில் கூட்டிலிருந்து புழுக்களை எடுத்து வதக்கிக் கிளறும் குளவிப்புழுச் சோறு ஒன்றைத்தான். அதிலும் அந்தச் சத்துகள் உண்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடு என்று டாக்டரும் தலையாட்டிவிட்டார். கடையில் டப்பாவில் விற்கும் புழுவைத் திறந்ததுமே அவளுக்குக் குமட்டியது. ஆகவே காடு.

காட்டோரம் அவள் புருஷன் ஹிசாஷி காத்திருந்தான். ஒரு வாரமாக அங்கே ஒரு குச்சியில் கணவாய் மீன் துண்டைத் தொங்கவிட்டுக் குளவிகளைப் பழக்கியிருந்தான். இப்போது கடுகளவு இறைச்சியில் வெள்ளை இழையைக் கட்டி நீட்டினான். குளவி பறக்கும்போது இழை கண்ணில் படும், பின்னாலேயே போனால் கூடு. ஒரு குளவி வந்தது, கவ்வியது, பறந்தது.

"ஓடு மச்சான்!"

ஓடினோம். வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கு ஓடை இருந்தது. ஹிசாஷிக்கு முள்வேலி.

"இடது பக்கம்! உங்க இடது இல்ல, குளவியோட இடது!" பாதையில் லாரியை ஓட்டியபடி மதோகா கத்தினாள்.

"குளவிக்கு ஏதுடி இடது வலது?" என்றான் ஹிசாஷி ஓடியபடியே.

"உன்னைவிட அதுக்குத் தெரியும்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு தேயிலைத் தோட்டம், ஒரு கோழிப்பண்ணை, யாருடையதோ துணிக்கொடி. தலையில் ஒரு துண்டோடு வெளியே வந்தேன். இழை தாழ்ந்தது. ஒரு வீட்டுக் கொல்லையில் மரப்பெட்டி. குளவி நேராக அதற்குள் போனது.

பெட்டி எங்கள் ஊர்க்காரர் தொகுயிச்சியுடையது, அதில் குளவி வளர்க்கிறார். அடுத்த மாதம் யார் கூடு அதிகக் கனம் என்று ஊரில் எடைப் போட்டி. போன வருடம் அவர் கூட்டுக்குள் கல் இருந்தது என்று ஊர் முழுக்கச் சொன்னவன் ஹிசாஷி.

தொகுயிச்சி இழையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"கோழி ஈரல் போடுறேன், சர்க்கரைத் தண்ணி வைக்கிறேன். இதுங்க உன்கிட்டயா போய்த் தின்னுதுங்க?"

"ஒரு வாரமா என் கணவாய்ல கொழுத்த கூடு, அண்ணே. பாதி என்னுது."

"கல்லும் உன்னுதுதான், எடுத்துக்க!"

மதோகா மூச்சு வாங்க இறங்கி வந்தாள்.

"சண்டைய அப்புறம் போடுங்க. எனக்குப் பசிக்குது."

வயிற்றில் பிள்ளை வந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவள் சொன்னதே இல்லை.

"கூட்டுல அடியில ரெண்டு அடுக்கு எடுத்தா போட்டியில நான்தான் கடைசி" என்றார் தொகுயிச்சி. அவள் வயிற்றைப் பார்த்தார். குளவிகளை மயக்கப் புகை போடும் குழலை எடுத்து வந்தார். "ஆனா ஒண்ணு, என் புழுவைத் தின்னுட்டு வாந்தி எடுத்தியோ, என் மானம் போயிரும்."

நால்வரும் உட்கார்ந்து இடுக்கியால் புழுக்களைப் பிடுங்கினோம். ஹிசாஷிக்குக் கண்ணிமையில் ஒரு கொட்டு. சோயா, இஞ்சி போட்டு வதக்கிச் சுடுசோற்றில் கிளறினார் தொகுயிச்சி.

மதோகா சாப்பிட்டாள். நாங்கள் மூன்று ஆண்களும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று வாயைப் பொத்தினாள். ஹிசாஷி வாளியோடு பாய்ந்தான்.

ஏப்பம்.

பெரிய, நீளமான ஏப்பம். பத்து நிமிடம் காத்திருந்தோம், எதுவும் திரும்பி வரவில்லை. கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னும் இருக்கா?"

தொகுயிச்சி அதற்குள் புகைக் குழலோடு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தார்.