அருள்ராணியின் பொத்தான் அட்டை

பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரின் பெண்சாதி அருள்ராணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். முப்பத்தெட்டாம் வருஷத்துச் சங்கதி. புதுச்சேரித் துரைசானிகள் கழித்துப்போட்ட உடுப்புகள், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு மூட்டை மூட்டையாக வரும். ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லித்தான் அனுப்புவார்கள். மூட்டையைப் பிரிப்பது இந்த மகராசி. அழகான பொத்தான்களையெல்லாம் அறுத்து எடுத்துக்கொண்டு, முதுகு திறந்த கவுன்களை எங்களிடம் தள்ளிவிடுவாள். வெளிர் நீலம், வெளிர் பச்சை, வெங்காயத்தோல் நிறம் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வந்தால் கவுனே வெளியே வராது. தகரப் பெட்டியில் நிறம் பார்த்து அடுக்கிவைத்துக்கொள்வாள். போட்டு அழகு பார்க்கப் பெண் குழந்தை உண்டா? அதுவும் கிடையாது. திறந்து பார்த்துப் பூரித்துவிட்டு மறுபடி மூடுவாள். தூ, இதுவும் ஒரு பிழைப்பு!

அந்த வருஷம் என் மகள் இருதயமேரி புது நன்மை வாங்க வேண்டும், அதாவது முதல் தடவையாகப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வேண்டும். எட்டு வயது. செபமெல்லாம் தலைகீழாகச் சொல்வாள். ஆனால் பூசை வைக்கிற சாமியார் கண்டிப்பானவர். உடம்பு தெரிகிற உடுப்போடு வந்தால், “அடுத்த வருஷம் வா” என்று திருப்பி அனுப்பிவிடுவார். நான் கடலை மண்டியில் மல்லாட்டை உரித்துக் கூலி வாங்குகிறவள், புதுத் துணிக்கு எங்கே போவேன்? நாலு நாள் அருள்ராணி வாசலில் நின்றேன். ஒரு நாளைக்கு மட்டும் என்று ஒரு வெளிர் ரோஸ் கவுனைக் கொடுத்தாள். முதுகில் ஆறு காஜா இருந்தது. பொத்தான் ஒன்றுகூட இல்லை.

“ஆறு பொத்தான் குடுங்கம்மா. பூசை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறேன்.”

உள்ளே போய் ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். எனக்குக் கொடுக்கத்தான் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

“பாரு சவுரியம்மா, சிப்பிப் பொத்தான் ஒரு வரிசை, ரோஸு ஒரு வரிசை, நீலம் ஒரு வரிசை. இதுல ஆற எடுத்தா எல்லாமே பேஜாராயிடும்.”

“புள்ள முதுகு தெரியுதுங்களே!”

“உன் வூட்ல ஊசி நூலு கூடவா இல்ல?”

இருந்தது. உடம்பில் வைத்துத் தைத்தால் தரித்திரம் என்பார்கள். எங்களிடம் இல்லாத தரித்திரம் புதிதாக எங்கிருந்து வரப்போகிறது? புது நன்மை அன்றைக்குக் காலையில் கவுனைப் போட்டுவிட்டு, கழுத்திலிருந்து இடுப்புவரை அவள் மேலேயே வைத்துத் தைத்தேன். நன்மை வாங்க வேண்டுமென்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடாது அசையாது நின்றாள்.

“ஜல்திம்மா, மணி அடிச்சிட்டாங்க” என்றாள், அவ்வளவுதான்.

சாமியார் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. என் மகள் நாக்கை நீட்டி நன்மை வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தால், அருள்ராணி வழிமறித்துக்கொண்டு நிற்கிறாள்.

“கவுனக் கழட்டிக் குடு. பெட்டியில ரோஸுக்கு எடம் வுட்டு வச்சிக்கினு இருக்கேன்.”

“வூட்டுக்குப் போய்க் கழட்டிக்கினு வர்றேங்க” என்றேன். அவளுக்குப் பொறுக்குமா? பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். முகத்தைச் சுளித்தாள்.

“அய்ய, ரத்தக்கறை! வெளிர் துணியில இது போவுமா? பாழு, பாழு. இனிமே எனக்கு வாணாம், நீயே வச்சிக்க.”

யாருடைய ரத்தம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய நஷ்டம் வந்தவள்போல் போய்விட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். தையல் ஓரமாகக் கடுகளவில் மூன்று புள்ளிகள். மூன்று தடவை ஊசி அவளைக் குத்தியிருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ தைக்கறத நிறுத்திடுவியேம்மா” என்றாள்.