கழுவாத டிரெய்லர்

1994 அக்டோபரில், டெக்சஸ் மாநிலம் சுகர் லேண்டுக்குத் தென்மேற்கே நாற்பது மைலில் இருந்த ஒரு மாட்டுப் பட்டிக்கு, சினைமாடுகள் குறைமாதத்தில் கன்றைப் போட்டுவிடும் கன்று வீச்சு நோய் தொற்றியிருக்கலாம் என்று ஒதுக்கப்பட்ட கிடாரிகள் வந்து சேர்ந்தன. அங்கிருந்து அவை இறைச்சிக்கூடத்துக்கு மட்டுமே போகலாம் என்பது மாநில உத்தரவு.

அந்த உத்தரவுக்குப் பொறுப்பு கால்நடை மருத்துவர் நஞ்சப்பன். தாராபுரத்துக்காரர். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்து, பூட்ஸை முக்கி எடுக்காத எவரையும் உள்ளேயும் விடமாட்டார், வெளியேயும் விடமாட்டார். முரண்டு பிடித்த லாரிக்காரன் ஒருவனைத் தீவனத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். வேலையாட்கள் அவருக்கு ‘டாக்டர் பூட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை ஹூஸ்டன் கோயில் வாசலோடு நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இதய டாக்டர்களும் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்களும் கூடுவார்கள். புதிதாக அறிமுகமாகிறவர் “எந்த ஹாஸ்பிடல்?” என்பார். மாட்டு டாக்டர் என்று தெரிந்ததும் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுவார்.

அதனால்தான் அந்த இன்ஜினியர்களில் ஒருவரான சிவராமகிருஷ்ணன் அவரைத் தேடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது நஞ்சப்பனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. சிவராமகிருஷ்ணன் சுகர் லேண்டில் புது வீடு கட்டியிருந்தார். தை மாதம் கிரகப்பிரவேசம்.

“டாக்டர், சாய்ராம் ஆத்துல வெள்ளிப் பசு வெச்சு மேனேஜ் பண்ணிட்டா. எங்காத்து ருக்மிணி ஒத்துக்க மாட்டேங்கறா. நெஜ மாடும் கன்னும் நீங்கதான் அரேஞ்ச் பண்ணணும். உங்களை விட்டா ஹூஸ்டன்லயே வேற யாரு?”

பட்டி மாடுகளைத் தொடவே முடியாது என்று நஞ்சப்பன் கறாராகச் சொன்னார். ஆனால் மறுநாளே பக்கத்துப் பால் பண்ணைக்காரர் எமிலிடம் போய் நின்றார். எமில் எழுபது கறவை வைத்திருந்தார். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். தாத்தா காலத்துப் பண்ணை. மாடு வீட்டுக்குள் நுழைவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சாதுவான ஒரு ஜெர்சிப் பசுவையும் கன்றையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். விசேஷத்துக்கு முந்தின நாள் மாலை போய்ப் பார்த்தபோது அவருடைய டிரெய்லரில் வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தன. அதைக் காலி செய்து தரச் சொல்ல நஞ்சப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. பட்டி டிரெய்லரையே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த டிரெய்லரில்தான் அன்று காலை, கன்று வீசிய ஒரு கிடாரியை இறைச்சிக்கூடத்துக்கு ஏற்றிப்போயிருந்தார்கள். சாணியை வழித்துப் போட்டிருந்தார்களே தவிர, கழுவவில்லை. வெந்நீரும் மருந்தும் அடித்து வெயிலில் காயவைக்க அரை நாள் ஆகும். முகூர்த்தம் காலை ஆறரைக்கு. விடியுமுன் நஞ்சப்பன் புது வைக்கோலைத் தடிமனாகப் பரப்பினார். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது.

பட்டுச்சேலையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கண்மணி தலையை நீட்டிக் கேட்டாள். “ஏனுங்க, கழுவலீங்களா?”

“அதெல்லாம் காஞ்சுபோச்சு. ஒண்ணும் ஆவாது.”

கிரகப்பிரவேசம் அமர்க்களமாக நடந்தது. பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கார்ப்பெட்டின்மேல் பிளாஸ்டிக் விரித்து உள்ளே அழைத்துப்போனார்கள். நடுக்கூடத்தில் அது பிளாஸ்டிக்கைத் தாண்டிச் சாணி போட்டது. “டாக்டர், உங்க பேஷண்ட் ஃபீஸ் குடுத்துட்டா, வாங்கிக்கோங்கோ,” என்றார் சாய்ராம். எல்லோரும் சிரித்தார்கள், நஞ்சப்பனும் சிரித்தார். அன்றைக்கு எல்லா போட்டோவிலும் அவர் நடுவில் நின்றார்.

மே மாதம் எமிலின் பால் சோதனையில் சந்தேகம் வந்தது. மாடு மாடாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஜெர்சிக்கும் இன்னும் ஆறு மாடுகளுக்கும் அதே கன்று வீச்சு நோய் இருந்தது. பண்ணையை முடக்கினார்கள்.

எங்கிருந்து வந்தது என்று மாநில அதிகாரிகள் விசாரித்தார்கள். எமில் குளிர்காலத்தில் தன் மைத்துனனிடமிருந்து ஒரு காளை வாங்கியிருந்தார். காளைக்குச் சோதனையில் ஒன்றுமில்லை. இருந்தும் எமிலுக்கு வேறு காரணம் தோன்றவில்லை. மைத்துனனைப் பலர் முன்னால் திட்டினார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. இதையெல்லாம் அவர் நஞ்சப்பனிடமே சொல்லிப் புலம்பினார். பேசிக்கொண்டே வாசலில் புதிதாக வைத்திருந்த மருந்துத் தொட்டியில் பூட்ஸை முக்கினார். பிறகு, சரியாகச் செய்தேனா என்பதுபோல் நஞ்சப்பனைப் பார்த்தார். நஞ்சப்பன் தலையை ஆட்டினார். எமிலின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அந்த வாரம் சிவராமகிருஷ்ணன் போன் செய்தார். கோயில் பழக்கமான ஷ்யாமளா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் அதே மாடு வேண்டுமாம், ராசியான மாடாம். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றார் நஞ்சப்பன். “அச்சச்சோ. பக்கத்துலயே நீங்க இருக்கேளே, பாத்துக்குங்கோ,” என்று அவர் போனை வைத்தார்.

அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம் கண்மணி கேட்டாள்.

“மச்சானையும் மாப்பிள்ளையையும் பேச்சில்லாம பண்ணிப்போட்டு எப்படிங்க உங்களுக்குச் சோறு எறங்குது?”

“சொன்னா என் லைசென்ஸ் போயிரும் கண்ணு.”

“போவட்டும். கழுவலீங்களான்னு நான் ஒருக்காக் கேட்டுப்போட்டு வண்டில சும்மா உக்காந்திருந்தேன். எனக்கே வெளிய தல காட்ட முடியல.”

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

விடிந்ததும் அவர் போனபோது, பால் கறக்கும் கொட்டகையில் எமில் ஒரு மாட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: டிரெய்லர், கிடாரி, வைக்கோல். கழுவ வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். எமில் துடைப்பதை நிறுத்தவில்லை. மடி சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வைக்கோலை இறக்கிவிட்டு என் டிரெய்லரைத் தந்திருப்பேன். பத்து நிமிட வேலை,” என்றார் கடைசியில்.

எமில் திரும்பிப் பார்க்காமல் அடுத்த மாட்டுக்குப் போனார். மறுநாள் நஞ்சப்பன் மாநில அலுவலகத்துக்குப் போய் அதையே எழுதிக் கொடுத்தார்.

ஜூலையில் எமிலின் மாடுகள் அத்தனையும் இறைச்சிக்கூடத்துக்குப் போயின. நஞ்சப்பனின் லைசென்ஸை மாநிலம் ரத்து செய்தது. பட்டிக்கு வேறு மருத்துவர் வந்தார். எமில் மறுபடி மாடு வாங்கவில்லை. அடுத்த ஆண்டு நிலத்தை நெல் பயிரிடுகிறவர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார்.