பேசாமல் சுற்றிய பாபின்கள்

இதில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. அந்தத் தெருவை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நானாகச் சேர்த்துக்கொண்டதும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் தையற்காரி வீட்டில் தைத்த பஞ்சுப்போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டால் வெளியே நடக்கும் எந்தச் சத்தமும் கேட்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நானே போர்த்தியிருக்கிறேன். எதிரே தகரப் பட்டறையில் மூன்று பேர் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். போர்வைக்குள் என் மூச்சுகூட எனக்குக் கேட்கவில்லை.

பஞ்சுப்போர்வை தைப்பது பாபினைத் தின்னும் வேலை. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை நெருக்கமாகத் தையல் ஓட்ட வேண்டும். மெஷினுக்கு மேலே உள்ள பெரிய நூற்கண்டு நாள்கணக்கில் வரும். அடியில் இருக்கும் குட்டிப் பாபின் வேகம் பிடிப்பதற்குள் காலியாகிவிடும். அதனால் அவள் தைத்தாள், அவள் கணவர் சுற்றிக்கொடுத்தார். தெருவில் அவருக்குப் பாபின்காரர் என்றே பெயர். ஜன்னலோரம் ஒரு பழைய மெஷின் இருந்தது; அதில் ஊசி கிடையாது, பாபின் சுற்றும் சக்கரம் மட்டும் ஓடும். அவர் வேகமாகச் சுற்ற மாட்டார். வேகமாகச் சுற்றினால் நூல் இழுபட்டுப்போகும். தைத்து முடித்த பிறகு அது பழைய நீளத்துக்குத் திரும்பும்போது துணியையும் சேர்த்துச் சுருக்கிவிடும். சுற்றிய பாபின்களின் நூல்முனையைத் துணிக்கிழிசலால் கட்டி, ஆணிகள் அடித்த ஒரு பலகையில் வரிசையாகச் செருகுவார். அவர் வைத்த வரிசையில் கடைசியிலிருந்து எடுப்பது அவள் வழக்கம்.

சண்டை ஒரு பாபினால்தான் வந்தது. தங்கை புது வீட்டுக்குக் குடிபோகிறாள் என்று அவள் வெள்ளையில் ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி முடிந்த பிறகு திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் வெள்ளைத் தையல் போய்ச் சிவப்புத் தையல் ஓடியிருந்தது. மிச்சமிருந்த சிவப்பு நூலை உருவாமல் அதன் மேலேயே வெள்ளையைச் சுற்றிவிட்டிருந்தார்.

"மிச்சத்தை உருவிட்டுச் சுத்தணும்னு எத்தனை தடவை சொல்றது? கண்ணு எங்க போச்சு?"

"கொஞ்சம்தானே இருந்துச்சு. வீணாக்குவானேன்னு சுத்திட்டேன்."

"இனிமே எங்கிட்ட பேசாதீங்க."

அவர் பேசவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டார். சிவப்பு மிச்சம் ஒட்டியிருந்த பாபினை அவள் பலகையின் மூலை ஆணியில் குத்தி வைத்தாள். அதை இருவரும் தொடவில்லை. தங்கை பிறகொரு நாள், "அந்தச் சிவப்பு மூலையில யாரோ சிரிக்கிற மாதிரி இருக்குக்கா" என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று இவள் அவளோடும் கொஞ்ச நாள் பேசவில்லை.

போர்வைகளில் சத்தம் அடங்கியது இதற்குப் பிறகுதான். முதலில் கண்டுபிடித்தவர் இரவுக் காவலாளி. பகலில் தூங்குகிறவர். ஒரு நாள் சாயங்காலம் போர்வையைச் சுருட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். "என்னம்மா இது, போர்வையா, பாதாளமா? அலாரம் அடிச்சே ஓஞ்சு போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு கதவை உடைக்க ஆளைக் கூட்டிட்டான்!" சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஏதோ உறைத்தது. போர்வையைத் திரும்பக் கொடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

காரணத்தைத் தெரு சீக்கிரமே ஊகித்துவிட்டது. அந்த வீட்டின் பேச்சின்மை, நூலோடு சேர்ந்து பாபினில் ஏறிக்கொண்டிருந்தது. முனை அவிழ்ந்த பாபின் அருகில் இருந்தால் சுவர்க்கடிகாரம் டிக்கென்று சொல்லாமலே ஓடும். பாபின் நூல் அடிப்பக்கம் விழுவதால் அமைதியும் அடிப்பக்கம்தான். பட்டறைக்காரர் மனைவி தெரியாமல் போர்வையைத் தலைகீழாகக் குழந்தைமேல் போர்த்தியபோது, குழந்தை விழித்துக்கொண்டு கிடந்தது. அமைதி வெளிப்பக்கம் திரும்பிவிட்டதால், பட்டறையில் அவள் கணவர் அடித்த சுத்தியல்தான் சத்தம் போடவில்லை. கை விளங்காமல் போய்விட்டதென்று பயந்து அவர் கடையைச் சாத்திவிட்டார். அடுத்த தெருத் தையற்காரி ஒருத்தி தன் கணவனையும் வாயை மூடிக்கொண்டு சுற்றச் சொன்னாள். வியாபாரத்துக்காக மூடிய வாய் அது, நூலில் ஏறவில்லை.

வருஷங்கள் போயின. வெளியூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது, மாடியில் ஒரு அறை எழும்பியது. அவர்கள் மகள் வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சமாதானம் பேசத் தையற்காரியின் அண்ணன் ஒருமுறை கிளம்பி வந்தார். காவலாளி அவரைத் தெருமுனையிலேயே பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, "அவங்க பாட்டுக்கு நல்லாத்தான் இருக்காங்க. நீங்க எதுக்கு வந்து எங்க தூக்கத்தக் கெடுக்கறீங்க?" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

தையற்காரிக்குக் கணவர் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் பதில் சொல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் அவள் தினமும் நின்றுவிடுவாள். அப்படியே நின்றுகொண்டிருக்கையில் காது போகத் தொடங்கியது. முதலில் வலது காது. இடதும் அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் நேரே ஜன்னலோரம் போனாள்.

"அப்பா, அம்மாவுக்குக் காது போய்க்கிட்டிருக்கு. ஏதாவது பேசறதா இருந்தா இப்பவே பேசிடுங்க."

பாபின்காரர் சக்கரத்தை நிறுத்தினார். "பேசாதீங்கன்னு உங்கம்மாதான் சொன்னா. பேசலாம்னு இன்னும் சொல்லலையே."

"இத்தனை வருஷமா அதையா பிடிச்சுக்கிட்டிருக்கீங்க?"

"சொன்ன பேச்சைக் கேக்கறது ஒரு குத்தமா?"

"நல்ல ஜோடி. நடுவுல நான் ஒரு தபால்காரி" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

பாபின்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மனைவியிடம் பேசக்கூடாது, சரி. பாபினிடம் பேசக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. கையை நீட்டிப் பலகையிலிருந்து ஒரு பாபினை எடுத்து, சாம்பல் நிற நூலை மாட்டி, சக்கரத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டே முணுமுணுக்கத் தொடங்கினார். எடுத்தது மூலை ஆணியில் இருந்த பாபின். தெரிந்து எடுத்தாரா, கை தானாகப் போனதா என்பது எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அவர் பேசிக்கொண்டே சுற்றினார். அடுத்த அறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. வாரம் முடிந்ததும், வழக்கம்போல வரிசையின் கடைசியிலிருந்து பாபின்களை எடுத்துத் தைத்தாள். அது காவலாளியின் போர்வை. பழையது நைந்துவிட்டதென்று புதிதாகச் சொல்லியிருந்தார்.

கொண்டுபோன மறுநாள் மத்தியானமே அவர் ஓடிவந்தார். அவளுக்குக் கேட்க வேண்டுமென்று கத்தினார்: "கண்ணை மூட விடாம உங்க வீட்டுக்காரர் உள்ள பேசிக்கிட்டே இருக்காரும்மா! சட்டைப் பித்தான் கதையெல்லாம் எனக்கெதுக்கு?"

அவள் போர்வையை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். தலைவரை போர்த்திக்கொண்டு படுத்தாள். பாபினில் கடைசியாகச் சுற்றியதுதான் முதலில் வெளியே வரும். ஆகவே அவர் பேச்சு கடைசியாகச் சொன்னதிலிருந்து பின்னோக்கிப் போயிற்று. தையல் போன வழியே அவளும் வரிசை வரிசையாக நகர்ந்தாள். போன மாதம் அவள் தைத்துப் போட்ட பித்தான் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்றார். மாடி கட்டும்போது படியில் அவள் சறுக்கியதைப் பார்த்து, பிடிக்க வந்து, மகள் பிடித்துவிட்டதால் திரும்பிப் போனதாகச் சொன்னார். அதற்கும் முன்னால் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது கதவுக்கு வெளியே நின்று இருமல்களை எண்ணினேன் என்றார். கேட்காத வலது காதிலும் அது கேட்டது. கடைசி மூலையில் சண்டை நாள் வந்தது. "நீ அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. சாயங்காலம் சரியாயிடும்னு நெனச்சேன்" என்றார். அதோடு அவர் பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் தையல் முடியவில்லை. இன்னும் ஒரு முழ நீளத்துக்கு யாரோ சிரித்தார்கள். ஒரு பெண், கூடவே ஒரு ஆண். அந்தப் பெண் தான்தான் என்று புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

போர்வையை விலக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். சாம்பல் தையல் போய்ச் சிவப்புத் தையல் ஓடியிருந்தது, சண்டைக்கு முன்னால் சுற்றிய நூல்.

படியிறங்கி ஜன்னலோரம் வந்தாள். "மறுபடியும் மிச்சத்து மேலயே சுத்திட்டீங்களா?"

சக்கரம் நின்றது. அவர் அவளுடைய இடது பக்கமாக வந்து நின்று, காதருகே குனிந்தார். "கொஞ்சம்தானே இருந்துச்சு. வீணாக்குவானேன்னு சுத்திட்டேன்."

மகள் வேலை முடிந்து திரும்பியபோது தெருவில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். உள்ளே இருவரும் சத்தமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "போச்சு, நம்ம தூக்கம் போச்சு" என்றார் காவலாளி.

அந்த வருஷமே அவளுக்கு இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது. மத்தியானத்தில் அந்தப் போர்வைக்குள் மட்டும் கேட்கிறது. முடிந்து வெளியே வரும்போது சிரித்தபடி வருவாள். காவலாளி பகல் வேலைக்கு மாறிவிட்டார். பட்டறைக்காரர் தன் பழைய போர்வையைச் சுத்தியல் மேல் போர்த்தி வேலை செய்யப் பழகிக்கொண்டார். மகள் கல்யாணமானபோது பலகையில் பாதியை அறுத்து எடுத்துப் போனாள். அமைதி வேண்டுபவர்கள் இப்போது அந்த வீட்டுக்கு வருவதில்லை. தனியாகக் குடியிருப்பவர்கள் வருகிறார்கள். உள்ளே இரண்டு பேர் ஓயாமல் வாயாடும் போர்வை, சாதாரணப் போர்வை விலைக்கே கிடைக்கிறது. மிச்ச நூலை உருவிவிட்டுச் சுற்றுவதா, மேலேயே சுற்றுவதா என்பது அவர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.