அழுக்கைப் பார்த்து ஏறும் பல்லி

அண்ணன் இயந்திரம் செய்வான். தங்கை அதற்குப் புத்தி சொல்லிக் கொடுப்பாள். இருவருக்கும் ஒரே பட்டறை, ஒரே நீள மேஜை, ஒரே அளவு பிடிவாதம். வண்டி ஓட்டுவதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் அண்ணியின் வேலை. இவர்கள் சண்டை போடும்போது எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதும் அவள் பொறுப்புதான்.

அவர்கள் செய்திருந்தது உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவரைக் கழுவும் இயந்திரம். மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் தொங்கும். தலையில் ஒரே ஒரு கேமரா, வயிற்றில் உருளும் பிரஷ். காற்றில் தள்ளாடாமல் இருக்க இரண்டு விலாவிலும் சின்ன விசிறிகள். சுவரோடு ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அண்ணி அதற்குப் பல்லி என்று பெயர் வைத்தாள். பெயர் நிலைத்துவிட்டது.

தங்கையின் நிரல் செய்த வேலை இதுதான்: கேமரா எடுக்கும் படங்களில் அடுத்தடுத்து ஒரே புள்ளியைத் தேடிப் பிடிக்கும், அது எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்க்கும். அப்படி ஆயிரம் புள்ளிகளைப் பார்த்தால் கேமரா எப்படி அசைந்தது என்பது தெரிந்துவிடும். எதிரே உள்ள கண்ணாடி நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கிட்டே இருப்பது வேகமாக நகரும், எட்ட இருப்பது மெதுவாக நகரும், அவ்வளவுதான் சூட்சுமம். அதற்கேற்ப பிரஷ் தன்னைச் சாய்த்துக்கொண்டு எங்கும் ஒரே சீராக அழுத்தும்.

முதல் ஒப்பந்தம் ஓர் அலுவலகக் கட்டடம். அதன் மேலாளருக்கு எதையும் நம்பாத முகம். ஒத்திகை அன்று காலையில் வானம் மூட்டமாக இருந்தது. பல்லி மேலிருந்து சமர்த்தாகக் கழுவிக்கொண்டே இறங்கியது. மேலாளர்கூடத் தலையாட்டினார். பாதிச் சுவர் முடிந்தபோது வெயில் வந்தது. மூட்டம் கலைந்து வெள்ளை மேகங்கள் ஓட ஆரம்பித்தன.

பல்லிக்குப் பேய் பிடித்தது. இடது பக்கம் ஒரு தள்ளு, வலது பக்கம் ஒரு தள்ளு. விசிறிகள் அலற, கயிற்றில் ஊஞ்சலாடியது. அண்ணன் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினான்.

"என்னங்க, கண்ணாடி கழுவ வந்துச்சா, டான்ஸ் ஆட வந்துச்சா?" என்றார் மேலாளர்.

"ஒரு வாரம் குடுங்க சார். ஆட்டத்தை மறக்கடிச்சுக் கூட்டிட்டு வரோம்," என்றாள் அண்ணி.

வண்டியில் ஏறியதும் சண்டை தொடங்கியது.

"உன் கயிறு முறுக்கிக்குது அண்ணா. அதான் ஆடுது."

"என் கயிறா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். காத்தே இல்லாதப்ப உன் நிரல் எதுக்கு விசிறியப் போடுது?"

"அது நகர்ந்தா போடத்தானே செய்யும்!"

"நகரவே இல்லைங்கறேன்!"

"ரெண்டு பேரும் இறங்கி நடந்து வாங்க," என்றாள் அண்ணி. "வண்டி ஆடுது."

பட்டறையில் தங்கை அன்றைய காட்சிப் பதிவைத் திரையில் ஓடவிட்டாள். நிரல் பிடித்திருந்த ஒவ்வொரு புள்ளியின் மேலும், அது நகர்ந்த திசையில் ஓர் அம்பு வரையச் சொன்னாள். காலைப் பதிவில் அம்புகள் எல்லாம் ஒழுங்காக மேல்நோக்கி நின்றன. வெயில் வந்த பிறகு பாதிக்கு மேற்பட்ட அம்புகள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டன. அவை எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடியின் மேல் அல்ல. கண்ணாடியில் தெரிந்த மேகத்தின் மேல்.

மேகம் ஒரு பக்கம் போனதை, தான் மறுபக்கம் போவதாகப் பல்லி எண்ணியிருக்கிறது. இல்லாத ஓட்டத்தைத் தடுக்க விசிறியைச் சுழற்றி, உண்மையாகவே ஆட ஆரம்பித்திருக்கிறது. தங்கைக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"அண்ணா, உன் கயிறு மேல தப்பில்ல," என்றாள்.

அவன் திருகாணி முடுக்கிக்கொண்டே, "தெரியும். ஆனா நீ வாயால சொன்னது வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு," என்றான். பிறகு எழுந்து வந்து அவள் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எங்க, காட்டு."

மறுநாள் அவள் நிரலை மாற்றினாள். கண்ணாடி ஒரு தட்டையான பரப்பு. அதன் மேல் உள்ள தூசியும் காய்ந்த மழைத்துளியும் எல்லாம் ஒரே பரப்பின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நகர முடியும். மேகமோ கண்ணாடிக்கு உள்ளே வெகு ஆழத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். சட்டத்துக்குக் கட்டுப்படாத புள்ளிகளைத் தள்ளிவிட்டால் போதும்.

தள்ளிப் பார்த்தாள். மிச்சம் ஒன்றுமே இல்லை.

"ஏன்?" என்றான் அண்ணன்.

"கேமரா தலையில இருக்கு. பல்லி கழுவிட்டே இறங்குது. அதனால அது பாக்கறது எல்லாம் கழுவி முடிச்ச கண்ணாடி. தூசியே இல்லை. காலையில அது பிடிச்சதுகூட கண்ணாடியில தெரிஞ்ச எதிர்க் கட்டடத்தைத்தான்; அது அசையாததால ஏமாந்தது தெரியல. நீ நல்லாத் துடைக்கத் துடைக்க அதுக்குக் கண்ணு தெரியாமப் போகுது."

அண்ணனுக்கு இது பாராட்டா குற்றச்சாட்டா என்று புரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டான். கேமராவைக் கீழே மாட்டலாமா என்று யோசித்தார்கள். மேலிருந்து வழியும் தண்ணீர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இருவரும் தேநீரை ஆறவிட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எதுக்கு இறங்கும்போது துடைக்கணும்? ஏறும்போது துடைப்போம். தலைக்கு மேல எப்பவும் காய்ஞ்ச அழுக்குதான் இருக்கும்."

"அழுக்குத் தண்ணி துடைச்ச இடத்துல வழியுமே?"

"அதுக்கு அடியில ஒரு ரப்பர் விளிம்பும் ஒரு தொட்டியும் வெச்சுக் குடுக்கறேன். அது என் பாடு."

"உலகமே மேலேருந்து கீழ துடைக்குது, இவர் மட்டும் தலைகீழ்," என்றாள் அண்ணி. ஆனால் தொட்டிக்கு வேண்டிய தகட்டை வாங்கி வந்ததும் அவள்தான்.

இரண்டாம் ஒத்திகை அன்று வேண்டுமென்றே வெயிலும் மேகமும் உள்ள நேரமாகப் பார்த்துப் போனார்கள். பல்லி அடியிலிருந்து ஏறியது. கண்ணாடியில் மேகங்கள் ஓடின. பல்லி அவற்றைச் சட்டை செய்யவே இல்லை. நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

ஆறாம் மாடிக்கு வந்ததும் பல்லி தானாக நின்றுவிட்டது.

"மறுபடியுமா?" என்றார் மேலாளர்.

தங்கை திரையைப் பார்த்தாள். மேலே உள்ள கண்ணாடியின் உச்சி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, தொட மாட்டேன் என்று சொல்லியது நிரல். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாக் கண்ணாடிகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"எல்லாம் ஒரே நேர்ல மாட்டினதுங்க. உங்க மெஷினுக்குத்தான் பார்வைக் கோளாறு," என்றார் மேலாளர்.

தங்கைக்குப் போன தடவை அடித்துப் பேசி அசடு வழிந்தது நினைவுக்கு வந்தது. அம்புகளைத் திரும்பப் பார்த்தாள். உச்சியில் இருந்த தூசிப் புள்ளிகள் அடியில் இருந்தவற்றைவிடக் கொஞ்சம் வேகமாக நகர்ந்திருந்தன. உச்சி கிட்டே வந்திருக்கிறது என்று எல்லாமே ஒரே குரலில் சொல்லின. இருந்தும், "நிரல்ல ஏதாவது..." என்று இழுத்தாள்.

"இழுக்காத," என்றான் அண்ணன் தணிந்த குரலில். "அன்னைக்கு அம்பு ரெண்டு விதமாப் போச்சு. இன்னைக்கு ஒண்ணாப் போகுது. நீ கணக்குப் போட்டது எனக்குத் தெரியும்." பிறகு மேலாளரிடம் திரும்பினான். "சார், உள்ள போய்ப் பார்த்துட்டு வந்துருவோம். தப்பா இருந்தா பல்லியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடறோம்."

அண்ணி நடைபாதையில் போகிறவர்களை மறுபக்கம் திருப்பிவிட்டாள். மற்ற மூவரும் ஆறாம் மாடிக்குப் போனார்கள். அந்தக் கண்ணாடியை ஒட்டிய மேஜையில் ஒரு கணக்காளர் அம்மா சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்ச நாளாவே இங்க சில்லுன்னு காத்து வருது. ஏசியைக் குறைங்கன்னு சொன்னா யாரும் கேக்கல," என்றார்.

அண்ணன் இன்னொரு நாற்காலியில் ஏறிப் பார்த்தான். மேல் விளிம்பில் ரப்பர் பிதுங்கித் தொங்கியது. கண்ணாடியைப் பிடித்திருக்க வேண்டிய கவ்விகளில் ஒன்றைக் காணவே இல்லை. இன்னொன்று ஒரே திருகாணியில் ஊசலாடியது. விரல் நுழையும் இடைவெளியில் காற்று விசில் அடித்தது. மேலாளர் எட்டிப் பார்த்தார். நேர் கீழே, அண்ணி ஆட்களை விலக்கிக்கொண்டிருந்த நடைபாதை. அவர் முகத்திலிருந்த அவநம்பிக்கை முழுக்க வடிந்துவிட்டது.

"அம்மா, முதல்ல நீங்க எந்திரிச்சு அந்தப் பக்கம் வாங்க," என்றார். கணக்காளர் அம்மாவின் நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

மாலைக்குள் ஆட்கள் வந்து கண்ணாடியைப் பத்திரமாகக் கழற்றி உள்ளே எடுத்துவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பல்லி மிச்சச் சுவரை ஏறி முடித்தது. மேலாளர் வண்டி அருகில் வந்தார்.

"எங்களுக்கு இன்னும் நாலு கட்டடம் இருக்கு. அங்கெல்லாம் இது வந்து ஏறணும். துடைக்காட்டியும் பரவாயில்ல, பார்த்துச் சொன்னாலே போதும்."

"துடைக்காமலா?" அண்ணனுக்கு முகம் வாடியது. "அப்போ என் பிரஷ்? என் தொட்டி?"

தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வண்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள். அவன் அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான்.

"பார்க்கறதும் பண்ணும், துடைக்கறதும் பண்ணும் சார்," என்று அண்ணி முந்திக்கொண்டாள். "இவர் மனசு ஆற வேண்டாமா?"

மேலாளர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அண்ணி வண்டியைக் கிளப்பினாள். அண்ணனும் தங்கையும் பின்னால் பல்லியை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த கட்டடத்தில் யார் முதலில் தப்புச் செய்வார்கள் என்று பந்தயம் கட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள்.